கவிழ்த்த கோப்பை

பாஸ்டன்
1773 டிசம்பர் 20

அன்புத் தங்கை கெசியாவுக்கு அக்கா ஜெருஷா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தானும் கர்த்தர் கிருபையில் சுகம். உனக்கு உடம்பு தேறியதா? போன வருஷம் பிள்ளை செத்துப் பிறந்ததிலிருந்து நீ எழுதும் கடிதங்கள் சின்னதாகிக்கொண்டே வருகின்றன. ஜபேஸ் பட்டறையில் வேலை இருக்கிறதா? மலைமேல் பனி எப்படி?

துறைமுகத்தில் நடந்த செய்தி இதற்குள் உங்கள் ஊருக்கும் வந்திருக்கும். கப்பலில் இருந்த தேயிலைப் பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டிவிட்டார்கள். யார் கொட்டினார்கள் என்று என்னைக் கேட்காதே. உன் அத்தான் அன்று முகமெல்லாம் கரியோடு வந்தார். அடுப்புக் கரி என்றார். நம் வீட்டு அடுப்பை அவர் என்றைக்குத் தொட்டிருக்கிறார்? பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தால் பொலபொலவென்று தேயிலை.

"ஒரு பிடிதானே, இருக்கட்டுமே," என்றேன்.

"போடுடி நெருப்புல. ராஜாவோட வரி அதுல ஒட்டிக்கிட்டிருக்கு."

போட்டேன். வீடு முழுக்க அம்மா வீட்டு வாசனை அடித்தது. கொஞ்சம் அழுதேன், புகை என்று சொல்லிக்கொண்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று இதே மனிதர் தேநீர் குடித்தது ஞாபகம் இருக்கிறதா? போதும் என்றால் கோப்பையைக் கவிழ்த்து மேலே கரண்டியைக் குறுக்கே வைக்க வேண்டும் என்று தெரியாது. கவிழ்க்காத கோப்பையை அம்மா காலியாக விடுவாளா? அம்மா ஊற்ற, இவர் குடிக்க, நீ கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். கடைசியில் அப்பாதான் பரிதாபப்பட்டு அவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். அப்படிக் குடித்தவர் இன்று இலையைக் கண்டாலே சீறுகிறார்.

உன் தேநீர்ப் பைத்தியம் ஊரறிந்தது. விட்டுவிடு கண்ணே. இது விளையாட்டு இல்லை.

உன் அக்கா
ஜெருஷா


ஆஷ் ஹில்
1774 ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு, கெசியா.

நாங்கள் நலம். அத்தானின் பூட்ஸ் நலமா?

இங்கேயும் எல்லாம் நடந்துவிட்டது. சபைக் கூடத்துக்கு முன்னால் தீ மூட்டி, வீட்டுக்கு வீடு தேயிலை டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார்கள். சபைக் காரியங்களைப் பார்க்கும் டீக்கன் ஈனோஸ் நீண்ட ஜெபம் செய்தார். அவர் ஜெபம் முடிவதற்குள் தீ அணைந்துவிட்டது, மறுபடி மூட்டினோம். நானும் என் டப்பாவை எல்லோர் கண் முன்னாலும் கவிழ்த்தேன். இனி தேயிலை குடிப்பதில்லை, குடிப்பவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைப்பதில்லை என்று ஊரே கையெழுத்துப் போட்டது.

இப்போது ராஸ்பெர்ரி இலையைக் காயவைத்துக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். குதிரைக்குப் போட்ட வைக்கோலை ஊறவைத்தால் எப்படி இருக்கும், அப்படி. டீக்கனின் மனைவி லோயிஸ் அதைக் குடித்துவிட்டு, "சுதந்திரம் இவ்வளவு கசக்கும்னு யாரும் சொல்லலியேடி," என்றாள்.

வியாழக்கிழமை தோறும் பெண்கள் என் வீட்டில் கம்பளி நூற்கக் கூடுகிறார்கள். லோயிஸ் வருவாள், மருத்துவச்சி ஹெப்சிபா அம்மாள் வருவாள், இன்னும் சிலர். அம்மா எனக்குக் கொடுத்த தகரக் காப்பிக் கெண்டி அன்று முழுக்க அடுப்பில்தான். கோப்பைகளும் அம்மாவுடையவைதான், ஒன்றும் உடையவில்லை.

உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். தேறிவிட்டது. அந்தப் பிரசவத்தில் கால் முதலில் வந்த பிள்ளையை ஹெப்சிபா அம்மாள் கையை விட்டுத் திருப்பி எடுத்திராவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அவள் கையைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடத் தோன்றுகிறது.

கெசியா


பாஸ்டன்
1774 ஜூன் 22

அன்புத் தங்கைக்கு.

சுகமா? நாங்கள் சுகம் என்று எழுதப் பழகிய கை எழுதிவிடும். நீ நம்பாதே.

துறைமுகத்தை மூடிவிட்டார்கள். கடலில் கொட்டிய தேயிலைக்கு ஊரே விலை கொடுக்க வேண்டுமாம். ஒரு படகு அசையக்கூடாது. கப்பல் பலகைக்குக் கீல் பூசும் மனிதருக்குக் கப்பல் இல்லாவிட்டால் என்ன வேலை? காலையில் எழுந்து போய்த் துறையில் நின்றுவிட்டு வருகிறார். சிப்பாய்கள் நம் வீட்டுச் சந்திலேயே கூடாரம் போட்டிருக்கிறார்கள். வெளியூர்களிலிருந்து தர்மமாக வரும் மாவுக்குப் பெண்கள் வரிசையில் நிற்கிறோம். அப்பா இதைப் பார்க்காமல் போனது நல்லது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் தேநீர் வாசனை இல்லை. பசியில் இருக்கிறோம், பணியவில்லை. அதை நினைத்தால் மட்டும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அத்தானுக்கு இருமல் விடவில்லை. ஜெபத்தில் நினைத்துக்கொள்.

ஜெருஷா


ஆஷ் ஹில்
1774 ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு.

உன் கடிதத்தை ஜபேஸுக்குப் படித்துக் காட்டினேன். படித்து முடிப்பதற்குள் எழுந்து போய் மக்காச்சோள மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டார். ஊரார் கொடுத்ததும் சேர்ந்து வருகிறது. உன் வரிசைக்கு வருமா, வேறு வரிசைக்குப் போகுமா தெரியாது. வந்தால் எங்களை நினைத்துக்கொள்.

இன்னொரு செய்தி. நான் முழுகாமல் இருக்கிறேன். டிசம்பர் ஆரம்பத்தில் என்று ஹெப்சிபா அம்மாள் கணக்குச் சொல்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவள்தான் வயிற்றைத் தடவிப் பார்த்து, "நான் இருக்கேன்ல, என்னடி பயம்? உலகமே இடிஞ்சு விழுந்தாலும் வந்து நிப்பேன்," என்றாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

வியாழக்கிழமைக் கூட்டம் நடக்கிறது. கம்பளி நூற்கிறோமோ இல்லையோ, கெண்டி காலியாகிறது. வாந்திக்கு அது ஒன்றுதான் இதம்.

அத்தானின் இருமலுக்குத் தேன் அனுப்பியிருக்கிறேன்.

கெசியா


பாஸ்டன்
1774 செப்டம்பர் 8

என் கெசியாவுக்கு.

பிள்ளையோடு நீ சுகமாக இருக்க வேண்டும். தேன் வந்தது. சோளமும் வந்தது. மூட்டை கட்டியிருந்த முடிச்சைப் பார்த்தே ஜபேஸ் தம்பி கட்டியது என்று சொன்னேன், அத்தான் சிரித்தார். அவர் சிரித்து நாளாயிற்று.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வாரம் தவறாமல் காப்பி குடிக்க மலை ஊரில் ஒரு கொல்லன் வீட்டுக்கு எங்கிருந்து காப்பி வருகிறது? வாந்திக்குக் காப்பி இதம் என்று நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

பதில் எழுத வேண்டாம். செய்வதைச் சரியாகச் செய், அது போதும்.

அக்கா


ஆஷ் ஹில்
1774 அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு.

நலம். நலம் அறிய ஆவல்.

பிரசவத்துக்கு நீ வர முடியுமா? நவம்பர் கடைசியில் வந்தால் போதும். வண்டிக்கு ஜபேஸ் ஏற்பாடு செய்வார். பட்டறையில் இப்போது அவ்வளவு வேலை இல்லை, அவரே வந்து உன்னை அழைத்துப் போவார்.

ஊரில் சின்னப் பேச்சு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அடங்கிவிடும். கம்பளிக் கூட்டத்தை நிறுத்திவிட்டோம்.

நீ வந்தால் நன்றாக இருக்கும் அக்கா.

கெசியா


பாஸ்டன்
1774 அக்டோபர் 28

கெசியாவுக்கு.

சின்னப் பேச்சா?

மாவு வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் நின்றவள் பேப்பரை விரித்து உரக்கப் படித்தாள். 'ஆஷ் ஹில் கொல்லன் ஜபேஸின் மனைவி கெசியா, கையெழுத்திட்ட உடன்படிக்கையை மீறி, தேயிலையைப் பதுக்கி வைத்துக் குடித்தாள். அவள் வீட்டாரோடு யாரும் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளலாகாது.' வரிசை முழுக்க உச்சுக் கொட்டியது. கையில் காலிச் சாக்கோடு நான் நின்றேன்.

உன் அத்தான் இருமி இருமி ரத்தமாகத் துப்புகிறார். எதற்காக? நீ வியாழக்கிழமை தோறும் உறிஞ்சியதைக் கடலில் கொட்டியதற்காக. தீயில் டப்பாவைக் கவிழ்த்தேன் என்று எனக்கே எழுதினாயே. அதில் பாதியை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்? அம்மா கோப்பையிலா ஊற்றிக் குடித்தாய்? உனக்கு வெட்கமாக இல்லை?

உன் வீட்டுக்கு நான் வந்தால் என் சாக்கில் மாவு விழாது. இனி எழுதாதே.

ஜெருஷா


ஆஷ் ஹில்
1774 நவம்பர் 12

அக்கா,

நீ எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட இப்போது உரிமை இல்லை. அத்தானுக்கு எப்படி இருக்கிறது?

நீ எழுதியதெல்லாம் உண்மை. பாதித் தேயிலையை மாவுப் பானையில் வைத்திருந்தேன். முதல் பிள்ளை போனபிறகு எனக்கு ஒரு வாய் தேநீரும் நாலு பெண்களின் பேச்சும்தான் ஆறுதலாக இருந்தது. காப்பிக் கெண்டியில் போட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தோம். நினைத்தோம் என்றுதான் எழுதுகிறேன், நான் மட்டும் இல்லை.

மாட்டிக்கொண்ட அந்த வியாழக்கிழமை மழை. மனைவியை அழைத்துப் போக டீக்கன் ஈனோஸ் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டார். லோயிஸ் கோப்பையைப் பிடித்தபடி, "காப்பி ஆறிப்போச்சு, வாங்க போகலாம்," என்றாள், முகத்தில் ஒரு சலனம் இல்லை. நாங்களும் காப்பிதான் குடிக்கிறோம் என்பதுபோல் உட்கார்ந்திருந்தோம். ஹெப்சிபா அம்மாள் மட்டும் அவர் காலடிச் சத்தம் கேட்டுப் பதறி, மிச்சத்தை ஒரே வாயில் குடித்து, கோப்பையைக் கவிழ்த்து, கரண்டியைக் குறுக்கே வைத்துவிட்டாள். வாழ்நாள் முழுக்கச் செய்தது, கை தானாகச் செய்துவிட்டது.

டீக்கன் அந்தக் கோப்பையைப் பார்த்தபடி நின்றார்.

"காப்பிக்கு யாரும்மா கரண்டிய குறுக்க வெப்பாங்க?"

அவர் கோப்பையைத் தூக்கினார். தட்டில் இலை ஒட்டியிருந்தது.

"இது யாரு கோப்பை?"

ஹெப்சிபா அம்மாள் என்னைப் பார்த்தாள். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். அந்தக் கைகள் அக்கா.

"என்னுது," என்றேன்.

நல்ல மனசு என்று நினைத்துவிடாதே. அவளுக்காகச் சொல்லவில்லை, அந்தக் கைகளுக்காகச் சொன்னேன். அவள் பெயர் அடிபட்டால் அவளை எந்த வீட்டுக்கும் விடமாட்டார்கள். பிறகு எனக்கு யார் இருக்கிறார்கள்?

"ஒருத்தி குடிக்க ஒரு கெண்டி எதுக்கு? கூடக் குடிச்சவங்க பேரச் சொல்லு. சபை முன்னாடி எல்லாருமா மன்னிப்புக் கேளுங்க, முடிஞ்சு போச்சு. இல்லேன்னா அறிவிப்புதான்."

அவருக்குப் பின்னால் லோயிஸ் தொப்பிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். 'உங்க வீட்டுலயே கேளுங்க' என்று நுனி நாக்குவரை வந்தது. விழுங்கிவிட்டேன். எல்லோரும் எழுந்து போனார்கள். ஹெப்சிபா அம்மாள் கடைசியாகப் போனாள். என் தோளைத் தொட்டு, "நான் வரேன் கண்ணு," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் சபைக் கூடக் கதவில் என் பெயரை ஆணியடித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு குதிரைகூட லாடத்துக்கு வரவில்லை. மாவு அரைத்துத் தரமாட்டார்கள். சோளத்தை இடித்துத் தின்கிறோம். பெயரைச் சொல்லிவிடு என்று ஜபேஸ் தினமும் கெஞ்சுகிறார். சொன்னால் அவள் வரவே மாட்டாள். சொல்லாவிட்டால் பின்வாசல் வழியாகவாவது வருவாள். இதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து அவள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளை இந்த முறையும் தலை மேலே இருக்கிறது என்று நினைக்கிறேன். விலாவுக்குக் கீழே கெட்டியாக உருண்டையாகத் தட்டுப்படுகிறது.

என்னைத் திட்டு. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு. உனக்கு ஒன்றும் தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை. கையைப் பிடித்துக்கொள்ள ஒரு பெண் இருந்தால் போதும்.

கெசியா


ஆஷ் ஹில்
1774 டிசம்பர் 11

மதிப்புக்குரிய அண்ணிக்கு ஜபேஸ் எழுதிக்கொள்வது.

உங்கள் வீட்டுக்காரர் ஆமோஸ் அண்ணன் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். கெசியா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

போன திங்கட்கிழமை காலையில் வலி வந்தது. நல்ல பனி. ஹெப்சிபா அம்மாள் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்தவள் நேராகத்தான் நின்றாள்.

"கால் வீங்கிக் கெடக்குது தம்பி. நடக்க முடியல."

"நான் தூக்கிட்டுப் போறேம்மா."

"வேணாம்பா, ஊரு பாக்கும்."

"அது யாரு கோப்பைன்னு எனக்குத் தெரியும்," என்றேன். கதவைச் சாத்திவிட்டாள்.

டீக்கன் வீட்டுக்குப் போனேன். லோயிஸ் அம்மாள் வாசல்வரை வந்துவிட்டார், தோளில் சால்வைகூடப் போட்டுவிட்டார். உள்ளேயிருந்து அவர் பெயரைச் சொல்லி ஒரு குரல் கூப்பிட்டது. அப்படியே நின்றுவிட்டார்.

திரும்பி வந்து நானே பார்த்தேன். ஆடு மாடு ஈனும்போது கை கொடுத்திருக்கிறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கால்தான் முதலில் வந்தது. தலை வர நேரமாகிவிட்டது. பெண் குழந்தை. கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது, சூடாக இருந்தது. கெசியாவிடம் கொடுத்தேன். பார்த்தாள். பிறகு மூச்சு இல்லை.

கல்லறையில் குழி வெட்ட யாரும் வரமாட்டேன் என்றார்கள். தோட்டத்து ஆப்பிள் மரத்தடியில் தீ மூட்டி, தரையை இளக்கி, நானே வெட்டினேன். ஜெபமும் நானே சொன்னேன், எனக்குத் தெரிந்தவரை. லோயிஸ் அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார். வேலியைத் தாண்டி வரவில்லை.

அன்று சாயந்தரம் கெசியா தேநீர் கேட்டாள். மாவுப் பானையில் ஒரு பிடி மிச்சம் இருந்தது. இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? போட்டுக் கொடுத்தேன். ஊருக்கே மணக்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்தேன்.

அவள் உங்கள் பதிலைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பனியில் வழியில் தொலைந்திருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

ஜபேஸ்


பாஸ்டன்
1775 ஜனவரி 6

என் தங்கை கெசியாவுக்கு.

எப்படி இருக்கிறாய் என்று எந்த வாயால் கேட்பது?

ஜபேஸ் நல்லவர். அவர் சொன்ன பொய்யை எடுத்துப் போர்த்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பதில் எதுவும் தொலையவில்லை. நான் எழுதவே இல்லை. உன் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. உப்புப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஜபேஸ் எழுதியதைப் படித்த பிறகுதான் அதைப் பிரித்தேன். நீ கூப்பிட்டது அங்கேயே இருந்தது கெசியா. தினமும் உப்பெடுக்கக் கையை நீட்டினேன், அதைத் தொடவில்லை.

மாவு கொடுக்கிறவர் கேட்டார், "ஆஷ் ஹில் கெசியா உன் தங்கச்சியாமே?" பின்னால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "எனக்குத் தங்கச்சியே இல்ல," என்றேன். சாக்கை நிரப்பினார். அதைத் தின்றுதான் இருந்தோம்.

அத்தானிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "நாங்க கொட்டுனது இலையத்தான்டி, மனுஷங்கள இல்ல," என்றார். "பனி உருகுனதும் நீ கெளம்பிப் போ," என்றார்.

வருகிறேன். மாவு போனால் போகட்டும். என்னை உள்ளே விடுவாயா என்று மட்டும் எழுது.

ஜெருஷா


ஆஷ் ஹில்
1775 மார்ச் 19

அக்காவுக்கு கெசியா எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். அத்தானுக்கு ரத்தம் வருவது நின்றதா?

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. கை ஓடவில்லை.

கதவில் இருந்த அறிவிப்பை எடுத்துவிட்டார்கள். நான் யார் பெயரையும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ராஜாவின் சிப்பாய்களோடு சண்டை வரும் என்று ஊரில் ஆண்கள் எல்லோரும் துப்பாக்கி தூக்கிப் பழகுகிறார்கள், பாதித் துப்பாக்கி துருப்பிடித்துக் கிடக்கிறது, கொல்லன் வேண்டும். டீக்கன் ஈனோஸே தன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். "பழசெல்லாம் மறந்துடுவோம் ஜபேஸ்," என்றாராம். ஜபேஸ் வாங்கிச் சரிசெய்து கொடுத்தார். எனக்கு ஜபேஸ்மேல் கோபம் வந்தது. பிறகு இடித்த சோளத்தை நினைத்தேன், போய்விட்டது.

அதற்குப் பிறகு ஹெப்சிபா அம்மாள் வந்தாள், முன்வாசல் வழியாக, பட்டப்பகலில். அடுப்பில் தானே ராஸ்பெர்ரி இலையைப் போட்டுக் கொதிக்க வைத்தாள். நான் அம்மாவின் கோப்பைகளில் இரண்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"ஒரு வாய் குடி கண்ணு. ரத்தம் ஊறும்," என்று கெண்டியைத் தூக்கினாள்.

அவள் ஊற்றுவதற்கு முன்னால் என் கோப்பையைக் கவிழ்த்தேன். மேலே கரண்டியைக் குறுக்கே வைத்தேன்.

கெண்டியைப் பிடித்தபடியே நின்றாள். ஒரு காலத்தில் கும்பிட்ட கைகள். பிறகு கெண்டியை வைத்துவிட்டு வாசல் தாண்டி, சேற்றில் வேகமாக நடந்து போனாள். கால் நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே விடுவாயா என்று கேட்டிருக்கிறாய். வா. ஆப்பிள் மரத்தடியில் உனக்குக் காட்ட வேண்டியது ஒன்று இருக்கிறது. அம்மா சொல்லிக் கொடுத்த மரியாதையில் குறை வைக்க மாட்டேன், மேசையில் இரண்டு கோப்பை எடுத்து வைப்பேன். என் கோப்பை நிமிர்ந்திருக்குமா கவிழ்ந்திருக்குமா என்று இப்போது கேட்காதே. நீ வாசலில் வந்து நிற்கும்போதுதான் எனக்கே தெரியும்.

கெசியா